சம்பளமே இல்லாத வருடத்துக்கும் கனடாவில் வரி ஃபைல் பண்ணிய கதை

2024 ஏப்ரல் 15, காலை. டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து இருந்த பேஸ்மென்டில், மதுரைக்கார நண்பன் பல் தேய்த்துக்கொண்டே கைப்பேசியை என் முகத்துக்கு நேராக நீட்டினான். வங்கிக் கணக்கில் 140 டாலர் விழுந்திருந்தது. கார்பன் ரிபேட், அதாவது கார்பன் வரிக்கு ஈடாக அரசு தந்த பணம். பத்து நாள் முன்னால் ஜிஎஸ்டி கிரெடிட்டும் (குறைந்த வருமானக்காரர்களுக்கு விற்பனை வரிக்கு ஈடாகத் தரும் தொகை) வந்ததாம். நானும் அவனும் ஒரே காலேஜ், 2022 ஆகஸ்ட் கடைசியில் ஒரே விமானத்தில் வந்து இறங்கியவர்கள், வாடகையும் ஒன்றுதான். வித்தியாசம் ஒன்றே ஒன்று: அவன் இரண்டு வருடமும் வரி ஃபைல் பண்ணியிருந்தான், நான் ஒன்றுமே பண்ணவில்லை.

2022இல் இங்கே நான் ஒரு டாலர்கூடச் சம்பாதிக்கவில்லை. சம்பாதிக்காதவனுக்கு வரியோடு என்ன வேலை என்றுதான் நினைத்திருந்தேன், ஊரில் அப்படித்தானே பழக்கம். ஆனால் கனடாவில் உங்களுக்கு என்ன உதவித்தொகை கொடுக்கலாம் என்பதை சிஆர்ஏ, அதாவது இங்குள்ள வரித்துறை, கணக்குப் போடுவதே அந்த ரிட்டர்னை வைத்துத்தான். அது போகவில்லை என்றால் அவர்கள் பார்வையில் நீங்கள் இல்லவே இல்லை.

கடைசித் தேதி ஏப்ரல் 30. பக்கத்து நூலகத்தில் இலவசமாக வரி ஃபைல் பண்ணிக் கொடுக்கும் முகாம் நடக்கிறது என்று தெரிந்ததும் எல்லாத் தாள்களையும் ஒரு கோப்பில் போட்டுக்கொண்டு ஓடினேன். குறைந்த வருமானம் உள்ளவர்களுக்காகத் தன்னார்வலர்கள் நடத்துவது அது. எனக்கு வாய்த்தவர் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், அறுபது வயதுக்கு மேல் இருக்கும். என் டி4 தாளை (வேலை கொடுப்பவர் தரும் சம்பள விவரம்) கையில் வாங்குவதற்கு முன்பே, “தம்பி, 2022க்கு ஃபைல் பண்ணினீங்களோ?” என்றார். இல்லை, அந்த வருடம் எனக்குச் சம்பளமே இல்லை என்றேன். “அதுக்குத்தான் முதல்ல செய்யவேணும்” என்று சொல்லிவிட்டு, காலேஜ் போர்ட்டலைத் திறந்து அந்த வருடத்து டி2202ஐ எடுக்கச் சொன்னார்.

டி2202 என்பது எவ்வளவு கல்விக் கட்டணம் கட்டினோம் என்று காலேஜ் தரும் வரிப் படிவம். அந்த அம்மா 26ஆம் கட்டத்தில் விரலை வைத்தார், 7,900 சொச்சம் இருந்தது. நான் கட்டியதோ 8,700க்கு மேல், ரசீதும் கையில் இருந்தது. காலேஜ் தப்பாகப் போட்டுவிட்டது என்று நான் ஆரம்பிக்க, அவர் பொறுமையாக ரசீதை வரிவரியாகப் படித்துக் காட்டினார். மருத்துவக் காப்பீடு, மாணவர் சங்கக் கட்டணம் எல்லாம் இந்தக் கணக்கில் சேராது. ரசீதில் இருப்பதை அல்ல, 26ஆம் கட்டத்தில் இருப்பதைத்தான் எழுத வேண்டும்.

அந்தத் தொகை ஷெட்யூல் 11 என்ற படிவத்தில் போகிறது. மத்திய வரியில் அப்போது அதில் 15 சதவீதம் கழிந்தது (2025க்கு இது 14.5 ஆகி, 2026 முதல் 14). கட்ட வேண்டிய வரியே இல்லை என்றால் கையில் காசாக வராது, ஆனால் அடுத்தடுத்த வருடங்களுக்கு எடுத்துப்போகலாம், காலாவதி கிடையாது. 5,000 டாலர் வரைக்குமானதைப் பெற்றோருக்கு மாற்றிக் கொடுக்கவும் வழி உண்டு. என் அப்பா கோயம்புத்தூரில் இருக்கிறார், இங்கே வரி கட்டுபவர் அல்ல, அதனால் மொத்தமும் என் பெயரிலேயே நின்றது. ஒன்டாரியோ மாகாணம் மட்டும் இந்தச் சலுகையை 2017லேயே நிறுத்திவிட்டது, ஆகவே மாகாண வரியில் இதனால் ஒரு பைசா குறையாது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, பிறகு ரீஃபண்டு ஏன் குறைகிறது என்று குழம்புகிறார்கள்.

2022 ரிட்டர்னோடு ஆர்சி151 என்று இன்னொரு படிவமும் அனுப்பினோம். புதிதாக வந்தவர்கள் ஜிஎஸ்டி கிரெடிட்டுக்கு விண்ணப்பிப்பது அதில்தான், 19 வயது ஆகியிருக்க வேண்டும். கனடா வந்த தேதியையும், அதற்கு முன் வெளிநாட்டில் சம்பாதித்ததைக் கனடா டாலரிலும் கேட்பார்கள். கோவையில் நான் வாங்கிய சம்பளத்தை மாற்றி எழுதினேன். வரும்போது 10,000 டாலருக்கு ஜிஐசி என்ற வங்கி வைப்பு போட்டிருந்தேன், அதற்கு வந்த வட்டியும் வருமானம்தான் என்பது அன்றைக்குத்தான் தெரியும். 50 டாலருக்குக் குறைவாக இருந்தால் வங்கியிலிருந்து டி5 என்ற வட்டி விவரத் தாள் வராமல் போகலாம், ஆனாலும் காட்ட வேண்டும். தாமதத்துக்கு அபராதம் வருமோ என்று பயந்தேன், கட்ட வேண்டிய வரி எதுவும் இல்லாததால் வரவில்லை.

அப்புறம் வாடகை. ஒன்டாரியோ டிரில்லியம் பெனிஃபிட் என்ற மாகாண உதவித்தொகையைக் கேட்க ஓஎன்-பென் படிவத்தில் வீட்டு முகவரி, எத்தனை மாதம், எவ்வளவு வாடகை, வீட்டு உரிமையாளர் பெயர் எல்லாம் எழுத வேண்டும். என் பங்கு மாதம் 550 டாலர், வருடத்துக்கு 6,600. ஃபைல் பண்ணும்போது ரசீது அனுப்பத் தேவையில்லை, அதனால் நானும் அதைப் பற்றி யோசிக்காமல் விட்டுவிட்டேன். அது தப்பு. செப்டம்பரில் சிஆர்ஏவிடமிருந்து கடிதம் வந்தது: வாடகைக்கு ஆதாரம் காட்டு, 30 நாள்.

வீட்டுக்காரரிடம் போய் நின்றேன். “இதெல்லாம் எதுக்குத் தம்பி, ரசீது கொடுத்தா எனக்குத்தான் பிரச்சினை” என்றார். இரண்டு வாரம் இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தார். அந்த இரண்டு வாரமும் சரியாகத் தூங்கவில்லை, வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்டால் எங்கே போவேன் என்பதே நினைப்பு. ஒன்டாரியோவின் குடியிருப்பு வாடகைச் சட்டம் 109ஆம் பிரிவு, வாடகைக்கு இருப்பவர் கேட்டால் ரசீதை இலவசமாகக் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது. அந்தப் பக்கத்தை அச்செடுத்து, சண்டை போடாமல், “அண்ணா, நீங்களே பாருங்க” என்று கையில் கொடுத்தேன். மறுநாள் கையெழுத்துப் போட்ட ரசீது கிடைத்தது. அதையும் பன்னிரண்டு மாத இ-டிரான்ஸ்ஃபர் பதிவுகளையும் சிஆர்ஏவின் மை அக்கவுண்ட் இணையதளம் வழியாக ஏற்றினேன், ஏற்றுக்கொண்டார்கள். தயவுசெய்து வாடகையை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் அந்தந்த மாதமே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

பணம் வந்த விவரம் இதுதான். 2022 ரிட்டர்ன் தாளில் அஞ்சலில் போனதால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. முடிந்ததும் விட்டுப்போன ஜிஎஸ்டி, கார்பன் தொகைகள் எல்லாம் சேர்ந்து ஆயிரம் டாலருக்கு மேல் வந்தன. (கார்பன் ரிபேட் 2025 ஏப்ரலோடு நின்றுவிட்டது, இனி அதை எதிர்பார்க்க வேண்டாம்.) டிரில்லியம் மாதாமாதம் 10ஆம் தேதி அறுபது டாலருக்கு மேல் வந்துகொண்டிருந்தது, அந்த மாதங்களில் என் மளிகைச் செலவில் பாதியை அதுதான் தாங்கியது.

2024 ஜூலையில் முழுநேர வேலை கிடைத்தது. அடுத்த வசந்தத்தில் ஃபைல் பண்ணியபோது, சேர்த்து வைத்திருந்த கல்விக் கட்டணத்தால், சம்பளத்தில் மத்திய வரியாகப் பிடித்த ஆயிரத்து முந்நூறு சொச்சம் டாலரும் திரும்பி வந்தது. அதற்குப் பிறகும் எடுத்துப்போகும் தொகை மீதி இருந்தது. ரிட்டர்னைச் சரிபார்த்து சிஆர்ஏ அனுப்பும் அசெஸ்மென்ட் நோட்டீஸில் அந்த எண்ணைப் பார்த்தபோது அந்த யாழ்ப்பாணத்து அம்மாவைத்தான் நினைத்தேன். 2022ஐ அவர் கேட்டிருக்காவிட்டால் அந்த 7,900 எந்தக் கணக்கிலும் ஏறியிருக்காது.

போன வாரம் எங்கள் பேஸ்மென்டுக்குப் புதிதாக வந்த திருச்சிப் பையன், “அண்ணா, எனக்கு இன்னும் வேலையே கிடைக்கலையே, நான் எதுக்கு ஃபைல் பண்ணணும்?” என்று கேட்டான். பாஸ்போர்ட்டை எடுத்துவரச் சொன்னேன். அவன் இறங்கிய தேதியை முத்திரையில் பார்த்து, ஆர்சி151இல் இரண்டு பேரும் சேர்ந்து நிரப்பினோம்.