மருத்துவ வரலாற்றை ஆய்வுத்துறையாகத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு

வரலாற்றில் முதுகலை முடித்து, பாலினம், மருத்துவம், உலக நலவாழ்வு ஆகியவற்றை இணைத்து முனைவர் பட்ட ஆய்வு செய்ய வருவோர், ‘காலனிய இந்தியாவில் பெண்களும் மருத்துவமும்’ என்பது போன்ற அகன்ற தலைப்புடன் வருவதையே நெறியாளராக நான் அதிகம் கண்டிருக்கிறேன். எந்த ஆவணங்களைப் படிக்கப்போகிறீர்கள் என்பதுதான் அவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி. 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் ஆங்கிலேயப் பெண்மணி மேரி ஷார்லிப் சேர்ந்ததையும், 1912இல் முத்துலட்சுமி ரெட்டி பட்டம் பெற்றதையும் பலரும் எழுதிவிட்டார்கள். முன்னோடிகளின் வரலாறு அவசியமானதே. ஆயினும், பெண் மருத்துவர் ஒருவர்கூட இடம்பெறாத ஆவணத்திலும் பாலினம் பற்றிய கேள்வியை எழுப்பக் கற்றுக்கொள்வதே இத்துறையின் அடிப்படைப் பயிற்சி என்று நான் கருதுகிறேன்.

இதற்கு நான் வகுப்பில் எடுத்துக்கொள்ளும் சான்று, சென்னையில் 1956இல் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை கூட்டாக நடத்திய இம்மையம், 193 நோயாளிகளைச் சமவாய்ப்பு முறையில் இரு பிரிவுகளாக்கி, ஒரு பிரிவினருக்கு வீட்டிலும் மற்றவர்களுக்குக் காசநோய் மருத்துவமனையிலும் ஓராண்டு சிகிச்சை அளித்தது. வீட்டுச் சிகிச்சையின் பலன் மருத்துவமனைச் சிகிச்சைக்கு நெருக்கமாக இருந்தது என்றும், உடன் வசித்தவர்களுக்கு அதனால் பெரிய கூடுதல் ஆபத்து ஏற்படவில்லை என்றும் 1959இல் வெளியான அறிக்கை காட்டியது. பல நாடுகளின் காசநோய்க் கொள்கையை அது மாற்றியது.

மருந்தும் தொற்றுமே அறிக்கையின் மையக் கேள்விகள். வரலாற்று மாணவர் அதற்கு அப்பாலும் கேட்க வேண்டும். மருத்துவமனைப் படுக்கையிலிருந்து வீட்டுக்கு மாறிய பணிவிடையை ஏற்றவர் யார்? நோயாளியே குடும்பத் தலைவியாக இருந்தால் அடுப்படி வேலையிலிருந்து அவருக்கு ஓய்வு கிடைத்ததா? மாத்திரை விழுங்கப்பட்டதா என்று அறியச் சிறுநீர்ப் பரிசோதனை செய்தார்கள். அந்தக் கண்காணிப்பை வீட்டுப் பெண்கள் எப்படி எதிர்கொண்டார்கள்? ஒரு நகரத்து ஆய்வு, உலக நலவாழ்வு வரலாறாகவும் பாலின வரலாறாகவும் ஒருங்கே விரிவது இத்தகைய கேள்விகளால்தான்.

விடைகள் ஓரிடத்தில் கிடைக்கமாட்டா. எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் அரசாணைகள், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பழைய இதழ்கள், ஜெனீவாவில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆவணங்கள், லண்டனில் மருத்துவ வரலாற்று நூலகமான வெல்கம் தொகுப்பு ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் படிக்க வேண்டியிருக்கும். வெல்கம் தொகுப்பின் ஒரு பகுதி இணையத்தில் இலவசமாகவே கிடைப்பதால், வெளிநாட்டுப் பயண நிதிக்கு விண்ணப்பிக்கும் முன் அதைப் பார்த்துவிடுங்கள். அடிப்படைப் புள்ளியியலையும் படியுங்கள். மருத்துவ அட்டவணையைத் தானே வாசிக்கத் தெரியாதவர், மருத்துவர் எழுதிய முடிவுரையை மட்டுமே நம்பவேண்டியிருக்கும்.

ஓய்வுபெற்ற செவிலியர்களையோ நோயாளிகளையோ நேர்காணப்போகிறீர்கள் என்றால், பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதியை முன்கூட்டியே பெறுங்கள். ஒப்புதல் படிவத்தைப் பேச்சுத் தமிழுக்கு நெருக்கமாக எழுதி, வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். காசநோயை மறைத்தே திருமணம் நடந்த குடும்பங்கள் இருக்கின்றன. ஆகவே பெயரை மட்டும் மாற்றினால் போதாது, தெருவையும் தொழிலையும்கூட மறைக்கவேண்டி வரும்.

இந்தியாவில் ஆசிரியப் பணியை நாடுவோர், கல்லூரி ஆசிரியர்களுக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட் தேர்வை ஆய்வுக்கு முன்பே எழுதிவிடுவது நல்லது. இளநிலை ஆய்வு உதவித்தொகைக்கும் அதுவே வழி. வரலாற்றுத் துறைகள் முழுநீள நூலை எதிர்பார்க்கின்றன, பொதுச் சுகாதாரத் துறைகளோ குறுங்கட்டுரைகளை மதிக்கின்றன. இரண்டிலும் வேலை தேட நினைப்பவர், ஆய்வேட்டின் ஓர் இயலையாவது மருத்துவர்கள் படிக்கும் இதழுக்கு ஏற்பச் சுருக்கி, மூன்றாம் ஆண்டிலேயே அனுப்பிவைக்க வேண்டும்.