பேச்சுப் பக்கத்தில் ஒரு கேள்வி

"என் கட்டுரையில் என்ன குறை என்று சொன்னால் திருத்திக்கொள்கிறேன், ஐயா."

தமிழ் விக்கிப்பீடியாவில், மற்ற பயனர்கள் எனக்குச் செய்தி எழுதும் என் பேச்சுப் பக்கத்தில் ஒரு காலையில் இந்த வரி இருந்தது. எழுதியவர் பள்ளி ஆசிரியர். வயல்வெளிப் பூச்சிகளைப் பற்றிப் பொறுமையாக எழுதிவந்தவர். முதற்பக்கத்தில் காட்டுவதற்கான கட்டுரைகளைப் பார்த்தெடுக்கும் வேலையை அப்போது நான் விரும்பிச் செய்துகொண்டிருந்தேன். தும்பிகள் பற்றிய தம் கட்டுரையை அவர் பரிந்துரைத்து இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன. நான் அதை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

பதில் எழுத உட்கார்ந்தேன். கட்டுரையை இரண்டு முறை படித்தும் குறை என்று ஒன்றும் அகப்படவில்லை. சான்றுகள் ஒழுங்காக இருந்தன. படங்களை அவரே வரப்பில் நின்று எடுத்திருந்தார். பிறகு, அதுவரை நான் தேர்ந்தெடுத்த கட்டுரைகளை வரிசையாகப் பார்த்தேன். கோயில்கள், கல்வெட்டுகள், சங்கப் புலவர்கள். எல்லாமே எனக்குப் பிடித்தவை. பாதிக்கு மேல் எனக்கு நன்கு பழக்கமான மூவர் எழுதியவை. யாரையும் ஒதுக்க வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. நினைக்காமலேயே ஒதுக்கியிருந்தேன்.

2003-இல் தொடங்கி, 2017-இல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தொட்ட கலைக்களஞ்சியம் இது. சம்பளம் வாங்கும் ஆசிரியர் குழு கிடையாது. நிர்வாகிகளைப் பயனர்களே வெளிப்படையாகக் கருத்துச் சொல்லித் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு பக்கத்தை யார் நீக்கினார், எப்போது, ஏன் என்பதெல்லாம் பதிவாகிறது. நான் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் அது வரலாற்றுப் பக்கத்தில் நிற்கும். இவ்வளவு வெளிச்சமான இடத்தில் அநீதி ஒளிய முடியாது என்று நம்பியிருந்தேன். செய்தவை மட்டுமே அந்த வரலாற்றில் இருக்கும் என்பது எனக்கு உறைக்கவில்லை. படிக்காமல் விட்ட கட்டுரைக்கும், பதில் சொல்லாத பரிந்துரைக்கும் அங்கே ஒரு வரிகூட இல்லை.

கடுமையான வாக்குவாதங்கள் அந்தச் சமூகத்தை உடைத்து நான் பார்த்ததில்லை. பொது உரையாடல் பக்கத்துக்கு ஆலமரத்தடி என்று பெயர். எவ்வளவு பொருத்தமான பெயர்! யாழ்ப்பாணத்தவரான மயூரநாதன் போன்றோர் தொடக்க ஆண்டுகளில் உழைத்து எழுப்பிய களம் என்பதால் ஈழத்து வழக்கும் தமிழக வழக்கும் அங்கே அடிக்கடி மோதும். கனடாவின் பெருநகரம் ரொறன்ரோவா, டொராண்டோவா? அயல்மொழிச் சொல்லை ஒலிபெயர்ப்பதா, தமிழாக்குவதா? நாள்கணக்கில் பேசுவார்கள். இறுதியில் ஒரு வடிவம் தலைப்பாகும். மற்றதற்கு வழிமாற்று அமையும். எப்படித் தேடினாலும் வாசகர் அதே பக்கத்துக்கு வந்துசேர்வார். தம் சொல் தலைப்பாகாதவர்களும் மறுநாள் வந்து எழுதுவார்கள். அவர்களுடைய வாதம் அங்கேயே எழுத்தில் இருக்கிறது, மறுத்தவரின் காரணமும் இருக்கிறது. ஐந்து ஆண்டுகள் கழித்து வருகிறவர்கூட அதைப் படித்துவிட்டு மீண்டும் கேட்கலாம். அந்த ஆசிரியருக்கு நான் வாதிட ஒரு மறுப்பைக்கூடக் கொடுக்கவில்லை.

அதன் பிறகு நானும் இன்னொரு பயனரும் எங்களுக்குள் ஓர் ஒழுங்கை வைத்துக்கொண்டோம். பரிந்துரை வந்த பத்து நாளுக்குள் இருவரில் ஒருவர் பதில் எழுத வேண்டும். வேண்டாம் என்றால் எந்தப் பத்தியில் என்ன போதவில்லை என்று குறிப்பிட வேண்டும். பழகியவரின் கட்டுரை என்றால் மற்றவர் பார்க்க வேண்டும். அலுவலகம் முடிந்து இரவில் வந்து உட்காருகிறவர்களுக்கு இது பெரிய சுமைதான். சில வாரங்களில் பத்து நாள் பதினைந்தாகிவிடும். அப்போது தாமதத்தையும் எழுதிவைப்போம். இதை இன்னும் முன்பே செய்திருக்க வேண்டும்.

ஆசிரியருக்குப் பதில் எழுத எனக்கு மூன்று வாரங்கள் ஆயின. உண்மையைச் சொல்லக் கூச்சம். கடைசியில் எழுதினேன்: "உங்கள் கட்டுரையில் குறை இல்லை. நான் படிக்கவில்லை. மன்னியுங்கள்." தும்பிகள் முதற்பக்கத்துக்கு வந்தன. அவர் எடுத்த படமும் வந்தது.

அவருடைய பங்களிப்புப் பட்டியலை இப்போதும் அவ்வப்போது திறந்து பார்க்கிறேன். கடைசிப் பதிவு, என்னிடம் கேட்ட அந்தக் கேள்விதான்.