இரண்டு வாரம் மூத்தவன்

என் மகனும் நாத்தனார் மகளும் இரண்டு வார இடைவெளியில் பிறந்தவர்கள். இவன்தான் மூத்தவன். அந்த இரண்டு வாரக் கணக்கை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

அவள் 11 மாதத்தில் நடந்தாள், இவன் 15 மாதத்தில். தடுப்பூசிக்குப் போனபோது குழந்தை மருத்துவரிடம் கேட்டேன். உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வில் குழந்தைகள் தனியாக நடக்கத் தொடங்கும் வயது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை விரிந்திருக்கிறது என்று சொன்னார். அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

பேச்சு விஷயம் அப்படி முடியவில்லை. 20 மாதத்தில் அவள் "மாமா போயாச்சு" என்று சொல்லைச் சேர்த்துப் பேசினாள். இவனுக்கு மொத்தம் ஐந்து சொல். கேட்டது கிடைக்காவிட்டால் தரையில் விழுந்து அலறுவான், கையில் இருப்பதை வீசுவான். "ஆம்பளப் பிள்ள லேட்டாத்தான் பேசும், இவன் அப்பனும் மூணு வயசுலதான் வாயத் திறந்தான்" என்றார் அத்தை. என்னைத் தேற்றத்தான் சொன்னார். நானும் இரண்டு மாதம் அதைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அந்த இரண்டு மாதம் இன்றும் உறுத்துகிறது.

பிறகு மருத்துவரிடம் போய், "அவளைவிட பின்தங்கியிருக்கான் டாக்டர்" என்று ஆரம்பித்தேன். அவர் முதலில் கேட்டது, "எத்தனை வாரத்தில் பிறந்தான்?" ஐந்து வாரம் முன்னதாகப் பிறந்தவன். குறைமாதக் குழந்தைக்கு இரண்டு வயது வரை அந்த வாரங்களைக் கழித்துத்தான் வளர்ச்சியைப் பார்க்க வேண்டுமாம். அப்படிப் பார்த்தால், நிறைமாதத்தில் பிறந்த அவளைவிட இவன் மூன்று வாரம் இளையவன்! ஆனாலும், "அதை மட்டும் வைத்து விட்டுவிட முடியாது" என்று ஒரு தாளைக் கொடுத்தார்.

குழந்தைக்கு ஆட்டிசத்தின் அறிகுறி இருக்கலாமா என்று பார்க்கும் எம்-சாட் என்ற வினாத்தாள் அது. 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கானது. ஆம், இல்லை என்று பதில் சொல்ல 20 கேள்விகள். எத்தனை சொல் பேசுகிறான் என்று ஒரு கேள்விகூட இல்லை. பிடித்ததை விரல் நீட்டிக் காட்டுகிறானா, ஒரு பொருளைக் கொண்டுவந்து உங்களிடம் காட்டுகிறானா, சிரித்தால் திரும்பச் சிரிக்கிறானா, இப்படித்தான் போகிறது. இவை எல்லாவற்றையும் இவன் செய்வான். சொல்லை எண்ணிக்கொண்டே இருந்த நான் இதை ஒருநாளும் கவனித்ததில்லை.

இரண்டாவது கேள்வியில்தான் பேனா நின்றது. குழந்தைக்குக் காது கேட்கவில்லையோ என்று எப்போதாவது நினைத்ததுண்டா? உண்டு. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டான். விளையாட்டு மும்முரம் என்று நினைத்துக்கொள்வேன். அந்தக் கேள்வி, பெயர் சொன்னால் திரும்புகிறானா என்ற கேள்வி, சைகை இல்லாமல் சொன்னால் புரிகிறதா என்ற கேள்வி. கவலை தரும் பதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண், மூன்றும் சேர்ந்து 3. 3 முதல் 7 வரை வந்தால் அந்தக் கேள்விகளை மறுபடி விரிவாகக் கேட்பார்கள். கேட்டுவிட்டு, "முதலில் காதைப் பார்ப்போம்" என்றார். ஆட்டிசமா என்று கேட்க வாய் வரவில்லை. அவரே, "இது நோயைச் சொல்கிற தாள் இல்லை, எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டுகிற தாள்" என்றார்.

பரிசோதனை அறையில் என் மடியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. ஒலி வரும்போது அவன் திரும்பினால் உள்ளே பொம்மை வெளிச்சத்தோடு ஆடும். சத்தமான ஒலிக்கு உடனே திரும்பினான். ஒலி குறையக் குறைய என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தான். எனக்குத் தெளிவாகக் கேட்டது. அவன் திரும்பவே இல்லை. மடியில் இருந்தவனை இறுக்கிக்கொண்டேன்.

இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தது. சளி பிடித்த பிறகு சின்னக் குழந்தைகளுக்குச் சாதாரணமாக வருவதுதான். பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானே வடிந்துவிடும், வடியாவிட்டால், தேவைப்பட்டால் செவிப்பறையில் சின்னக் குழாய் வைப்பார்கள். காத்திருக்கச் சொன்னார்கள். ஆனால் சும்மா காத்திருக்கவில்லை, பேச்சுப் பயிற்சியாளரிடமும் அனுப்பினார்கள். அவர் சொன்னதில் எனக்கு மிகவும் கைகொடுத்தது இது: எதிரே உட்கார்ந்து, முகம் தெரிய, அவன் சொன்னதோடு ஒரே ஒரு சொல் சேர்த்துச் சொல்லுங்கள், சொல்லிவிட்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். அந்தப் பத்து எண்ணுவதற்குள் நான்தான் எத்தனை முறை வாயைத் திறந்திருக்கிறேன்!

மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனையில் இரண்டு காதும் தெளிந்திருந்தன. அலறல் பாதியாகக் குறைந்திருந்தது. அதை அடம் என்று எத்தனை நாள் திட்டியிருக்கிறேன்.

இப்போது இவனுக்கு 27 மாதம். நாத்தனார் மகள் கதையே சொல்கிறாள். போன வாரம் நான் வேறு அறையில் இருந்தபோது மழை பிடித்தது. ஓடி வந்து என் விரலைப் பிடித்து, "அம்மா, சத்தம், வா" என்றான்.