தாயே, எங்கள் வீட்டில் சமாதானம் தீர்ந்துபோச்சு

தன் பிள்ளைகள் இரண்டு பேரும் பழையபடி பேசிக்கொள்ள வேண்டும் என்று, தஞ்சாவூரிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்தே வருவதாக அத்தை நேர்ந்துகொண்டார்கள். 1962இல் பிறந்தவர்கள் அத்தை. வேளாங்கண்ணிக் கோயில் பசிலிக்கா என்ற சிறப்புப் பட்டம் பெற்ற வருஷமும் அதுதான் என்பதால் மாதா தனக்குச் சொந்தம் என்று உரிமையோடு சொல்வார்கள். இப்போது முழங்கால் தேய்ந்து வாசல்படி இறங்கவே சிரமம். அதனால் அந்த நேர்ச்சையை நான் நடந்தேன்.

மாமா காலமான பிறகு, நிலமும் வீடும் பங்கு பிரிப்பதில் வந்த சண்டை. என் வீட்டுக்காரர் காலைப் பூசைக்குப் போனால் அவருடைய அண்ணன் மாலைப் பூசைக்குப் போவார். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் பதமாகச் சொல்லும் வேலை என் தலையில். தூக்கம் போயிற்று. செபமாலை உருட்டும்போதும் மனசுக்குள் பத்திரமும் பட்டாவும்தான் ஓடும்.

மாதா திருவிழாக் கொடியேற்றத்துக்குப் போய்ச் சேரும்படி எங்கள் பங்குக் கோயில் மக்களோடு காவி கட்டிக் கிளம்பினேன். நீடாமங்கலம், கொரடாச்சேரி, திருவாரூர் என்று குறுவை வயல்களுக்கு நடுவே மாதா தேரை இழுத்துக்கொண்டு நடை. கீழ்வேளூர் தாண்டியதும் பாதத்துக் கொப்புளம் உடைந்தது. வெறுங்கால், தார் ரோடு, உச்சி வெயில். ரோட்டோரமாக உட்கார்ந்துவிட்டேன். எதிர்வீட்டிலிருந்து நெற்றி நிறைய விபூதியோடு ஒரு அம்மா சொம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்து, “எங்களுக்கும் சேத்து வேண்டிக்கம்மா” என்றார்கள். அந்தக் காலத்தில் வேளாங்கண்ணியில் கால் விளங்காமல் மோர் விற்ற பிள்ளையை எழுந்து ஓட வைத்த தாய், எனக்கும் மோரைத்தான் அனுப்பினாள். அதற்குமேல் வலி பெரிதாகத் தெரியவில்லை.

வேளாங்கண்ணிக்குள் நுழைந்ததும் ரூம் புரோக்கர்கள் சூழ்ந்துகொண்டார்கள். மெழுகுதிரியைக் கையில் திணித்துவிட்டு அப்புறம் விலை சொல்கிறார்கள். நாள்கணக்கில் நடந்து வரும் ஏழைகளிடம் மாதா பேரைச் சொல்லிப் பிடுங்குவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. வரிசையிலோ கைக்குழந்தைக்காரியைக்கூட இடித்துத் தள்ளுகிறார்கள்.

அந்த நெரிசலில் நிற்கும்போதுதான் நற்செய்தியில் வரும் அந்த மனிதன் நினைவுக்கு வந்தான். அண்ணன் தம்பிக்குள் சொத்தைப் பிரித்துத் தரச் சொல்லி இயேசுவிடமே கேட்டவன். பாகம் பிரிக்க என்னை யார் நியமித்தது என்று ஆண்டவர் கேட்டுவிட்டாரே! அவரே ஏற்காத பஞ்சாயத்தை நான் எதற்கு இத்தனை நாள் சுமக்கிறேன்?

பீடத்துக்கு முன்னால் வந்தேன். பட்டுடுத்தி, கையில் பாலனோடு என் தாய். யார் பக்கம் நியாயம், எந்த வயல் யாருக்கு என்று வழியெல்லாம் சேர்த்துவைத்த எதுவும் வாயில் வரவில்லை. கானாவூர்க் கல்யாணத்தில் அவள் மகனிடம் எவ்வளவு பேசினாள்? திராட்சை ரசம் தீர்ந்துபோச்சு என்று மட்டும்தானே. என்ன செய்ய வேண்டும் என்று மகனுக்குச் சொல்லித் தரவில்லை. நானும் அதையே சொன்னேன்: “தாயே, எங்கள் வீட்டில் சமாதானம் தீர்ந்துபோச்சு.” நகருங்க, நகருங்க என்று பின்னாலிருந்து சத்தம். கண்ணீர் தாரையாக ஓடியது. நெஞ்சில் கல்லாகக் கிடந்த பாரம் அந்த இடத்திலேயே இறங்கியது. ஜாடித் தண்ணீரைத் திராட்சை ரசமாக்குவது இனி அவள் மகன் பாடு.

மாதா குளம் போனேன், எண்ணெய் வாங்கினேன், கொடியேற்றம் பார்த்தேன். அதையெல்லாம் வரிசையாக எழுத வரவில்லை. நன்றி ஒன்றுதான் வருகிறது. அண்ணன் தம்பிக்குள் இன்னும் பேச்சு வரவில்லை. உங்கள் வார்த்தையை இனி நீங்களே நேரில் சொல்லிக்கொள்ளுங்கள் என்று இருவரிடமும் பணிவாகச் சொல்லிவிட்டேன். ராத்திரி தூங்குகிறேன். செபமாலையில் மனசு நிற்கிறது. அத்தைக்கு முழங்காலில் மாதா எண்ணெய் தடவி விடுகிறேன். கீழ்வேளூர் அம்மாவின் வீட்டுக்காகவும் தினமும் ஒரு அருள்நிறை மரியே சொல்கிறேன். அடுத்த வருஷம் என்னோடு நடக்க வருவதாக ஓரகத்தி அக்கா சொல்லியிருக்கிறார்கள். ஆரோக்கியத் தாயே, உனக்குக் கோடி நன்றி. மரியே வாழ்க!