நெட் தேர்வுக்குத் தாவர செல் சுழற்சி: இரண்டு இடங்களைப் பிடித்தால் போதும்

சி.எஸ்.ஐ.ஆர். நெட் லைஃப் சயின்ஸுக்குப் படிக்கும் பலர் செல் சுழற்சியில் (ஒரு செல் வளர்ந்து இரண்டாகப் பிரியும் படிகள்) ஈஸ்ட்டையும் விலங்கு செல்லையும் முடித்துவிட்டு, தாவரத்துக்கும் இதேதானே என்று தாண்டிவிடுகிறார்கள். பாதி சரி. மீதிப் பாதியையும் படித்துவிடுங்கள். வினாத்தாளின் பார்ட் சி-யில் 75 கேள்விகளில் 25 எழுதினால் போதும், ஒவ்வொன்றுக்கும் 4 மதிப்பெண். அங்கே ஆழமாகப் படித்த தலைப்புதான் கைகொடுக்கும்.

முதல் இடம், செல் வளரும் ஜி1 கட்டத்திலிருந்து டி.என்.ஏ. நகலாகும் எஸ் கட்டத்துக்குப் போவது. இது பழகிய கதை. ஆர்.பி.ஆர். புரதம், ஜீன்களை இயக்கும் இ2எஃப் புரதத்தைப் பிடித்து வைத்திருக்கும். சைக்ளின் டி என்ற புரதமும் சி.டி.கே.ஏ. என்ற நொதியும் சேர்ந்து ஆர்.பி.ஆருக்குப் பாஸ்பேட் ஏற்றினால் பிடி விடும், டி.என்.ஏ. நகலெடுக்கும் ஜீன்கள் வேலையைத் தொடங்கும். சைட்டோகைனின் என்ற தாவர ஹார்மோன் சைக்ளின் டி3-ஐத் தூண்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டு நகருங்கள்.

நேரம் செலவிட வேண்டியது இரண்டாவது இடமான ஜி2/எம் கட்டத்தில், அதாவது பிரிவுக்குத் தயாராகும் ஜி2 முடிந்து செல் பிரியும் எம் தொடங்கும் இடத்தில். அங்கே இயங்கும் ஜீன்கள் பலவற்றின் புரமோட்டரில் (ஜீனை இயக்கும் முன்பகுதி) எம்.எஸ்.ஏ. என்ற சிறு டி.என்.ஏ. வரிசை இருக்கும். அதன் மையம் ஏ.ஏ.சி.ஜி.ஜி. இதை முதலில் கண்டது நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியின் சைக்ளின் பி ஜீனில்! இந்த வரிசையில் உட்காருபவை மிப்3ஆர் புரதங்கள். ஆய்வுக்கூடங்களில் வளர்க்கும் அராபிடாப்சிஸ் செடியில் மிப்3ஆர்4 தூண்டும், 3-உம் 5-உம் அடக்கும், 1 இரண்டு வேலையும் பார்க்கும்.

நான் இதை மியூட்டன்ட் (ஜீன் பழுதான செடி) வழியாகத்தான் படித்தேன். மிப்3ஆர்1, 4 இரண்டும் இல்லாத செடியில் என்ன ஆகும்? உட்கரு பிரிந்துவிடும், ஆனால் நடுச்சுவர் பாதியிலேயே நின்றுவிடும். ஒரே செல்லுக்குள் இரண்டு உட்கரு. காரணம், சுவர் கட்டத் தேவையான க்னோல் என்ற ஜீன் போதுமான அளவு வெளிப்படவில்லை. சரி, 1, 3, 5 மூன்றும் இல்லாவிட்டால்? ஜி2/எம் ஜீன்கள் நேரம் கெட்ட நேரத்திலும் ஓடும். இந்த இரண்டையும் படம் போட்டுப் பார்த்துவிட்டால் பெயர்கள் தானாக மனதில் நிற்கும்.

அப்புறம், டி.என்.ஏ. சேதம் பற்றிய கேள்வியில் தாவரத்துக்கு பி53 (விலங்கு செல்லில் டி.என்.ஏ. சேதத்துக்குப் பதில் கொடுக்கும் புரதம்) என்று ஆப்ஷன் இருந்தால் உடனே அதை நீக்கிவிடுங்கள். தாவரத்தில் பி53 கிடையாது, அந்த வேலை சாக்1 புரதத்துடையது. அது கிளம்பினால் அடக்கும் மிப்3ஆர்கள் சிதையாமல் சேரும், செல் ஜி2-விலேயே நிற்கும்.