கரண்டு இல்லாத ஊரில் என்ன டேப்லெட் வாங்குவது?

அக்கா மகள் இத்தனை நாளும் போனில், ஐபிஸ் பெயிண்ட் என்ற வரையும் ஆப்பில், விரலால்தான் வரைந்துகொண்டிருந்தாள். போன வாரம் வந்து, "சித்தி, வரையறதுக்கு நல்ல டேப்லெட்டா ஒண்ணு சொல்லுங்க" என்றாள். அவள் கேட்டது லேப்டாப்பில் சொருகி, பேனாவால் வரையும் பலகையை. சொல்ல எனக்கு ஒரு தகுதி இருக்கிறது. தப்பான டேப்லெட்டை வாங்கிக் காசைக் கரியாக்கியவள் நான்.

நான் முதலில் வாங்கியது திரை உள்ள டேப்லெட், அதுவும் பழையது. பேனா வைத்த இடத்திலேயே கோடு விழுவதைக் கடையில் பார்த்து மயங்கிவிட்டேன். வீட்டில் வந்து பிரித்தால் எச்டிஎம்ஐக்கு ஒரு வயர், யுஎஸ்பிக்கு ஒரு வயர், அப்புறம் சுவரில் சொருக இன்னொன்று. நம் ரங்கூனிலோ கரண்டு முறை வைத்துத்தான் வருகிறது. போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும், டேப்லெட் மட்டும் கறுப்புக் கண்ணாடியாகக் கிடக்கும். வருகிற கொஞ்ச நேரத்தில் தண்ணீர் மோட்டார் போடுவதா, சோறு வைப்பதா, படம் வரைவதா? ஆறு மாதத்தில் பாதி விலைக்குத் தள்ளிவிட்டேன்.

இப்போது கையில் இருப்பது ஹுயான் எச்640பி. திரை கிடையாது, வரையும் இடம் 6.3க்கு 3.9 அங்குலம், அவ்வளவுதான். லேப்டாப்பின் யுஎஸ்பியிலேயே ஓடிவிடும். பேனாவுக்கு பேட்டரியும் இல்லை, சார்ஜும் இல்லை. பலகைக்குள் இருக்கும் கம்பிச்சுருள் அனுப்பும் மின்காந்த அலையை வாங்கிக்கொண்டே அது வேலை செய்கிறது. ஆண்ட்ராய்டு போனிலும் சொருகலாம், ஆனால் போனை நெட்டுக்குத்தாக வைத்தால் பலகையின் ஒரு துண்டு மட்டும்தான் உயிரோடு இருக்கும்.

கையை இங்கே வைத்து, கண்ணை அங்கே வைத்து வரைவது முதல் இரண்டு வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும். பழகிவிடும். வட்டம் போட்டால் முட்டை மாதிரி வருகிறதா? அது உங்கள் கை செய்த தப்பு இல்லை. பலகையின் நீள அகலக் கணக்கும் திரையின் கணக்கும் ஒத்துப்போகவில்லை, டிரைவர் (டேப்லெட்டைக் கணினியோடு பேச வைக்கும் மென்பொருள்) அமைப்பில் போய்ச் சரிசெய்ய வேண்டும். வேறு கம்பெனி டேப்லெட்டின் பழைய டிரைவர் கணினியில் கிடந்தால் முதலில் அதைத் தூக்கிவிடுங்கள், இரண்டும் சண்டை போட்டுக்கொள்ளும்.

கடைக்காரர்கள் அழுத்த அளவு (பேனாவை அழுத்துவதை எத்தனை படியாகப் பிரித்து உணரும் என்பது) 8192 என்று பெரிய எழுத்தில் காட்டுவார்கள். வாக்கம் கம்பெனியின் சின்ன டேப்லெட் ஒன்றில் 2048தான், அதில் வரைந்தவர்கள் யாரும் கெட்டுப்போகவில்லை. எனக்குக் கையில் வித்தியாசமே தெரியவில்லை. நான் பார்ப்பது வேறு. கிரிட்டா என்ற வரையும் மென்பொருளைத் திறந்து (இலவசம்தான்), கோட்டை நேராக்கும் ஸ்டெபிலைசரை நிறுத்திவிட்டு, ஒரு சிக்குக் கோலம் போடுவேன், மெதுவாக, ரொம்ப மெதுவாக. வேகமாக இழுத்தால் எல்லா டேப்லெட்டும் யோக்கியன்தான். மெதுவாகச் சாய்வாக இழுக்கும்போதுதான் மட்டமான பலகையில் கோடு புழு மாதிரி நெளியும், ஓரத்தில் இன்னும் அதிகமாக. அடுத்து, பேனாவை லேசாகத் தொட்டவுடன் மை விழுகிறதா, இல்லை அழுத்தினால்தான் விழுகிறதா என்று பார்ப்பேன். அழுத்தி அழுத்தி வரைந்தால் மணிக்கட்டு கேட்காது.

பழையது வாங்கினால் பேனா அந்த மாடலுக்கு உரியதுதானா என்று பாருங்கள். வேறு பேனா பெரும்பாலும் வேலை செய்யாது. முனை தேயும், அது பரவாயில்லை, மாற்று முனை வாங்கிவிடலாம்.

அக்கா மகளிடம் திரை இல்லாததுதான் என்று சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது. யூட்யூபில் எல்லாரும் திரையில்தான் வரைகிறார்களாம். வரையட்டும், அவர்கள் வீட்டில் கரண்டு இருக்கிறது. சனிக்கிழமை அனோரதா சாலைப் பக்கம் போகலாம் என்றிருக்கிறோம், லேப்டாப்பை முழுசாகச் சார்ஜ் போட்டு எடுத்துக்கொண்டு. கடைக்காரர் முன்னால் உட்கார்ந்து கோலம் போட அவளுக்கு வெட்கமாம், நான் போடுகிறேன்.