ஆடித் தள்ளுபடியும் ஒரு சதவீதக் குறியும்

நான் எழுதி, உண்மையான சர்வரில் ஓடிய முதல் புரோகிராம் தன் முதல் வரியிலேயே அலுவலகத்தைக் கதிகலங்க வைத்தது. பில் போடும் புரோகிராம். 'தொடங்கிவிட்டேன்' என்று சிஸ்டத்தின் பதிவேட்டில் ஒரு வரி எழுத வேண்டும், அவ்வளவுதான். அதற்கான சிஸ்லாக் என்ற ஃபங்ஷன், செய்தி எவ்வளவு தீவிரமானது என்பதற்கு ஓர் எண் கேட்டது. எல்லாம் நல்லபடியாக நடந்தால் 0 என்று சி மொழியில் பழகிப்போன கை, யோசிக்காமல் 0 போட்டது.

சிஸ்லாக்கில் 0 என்றால் அவசரநிலை. 0 முதல் 7 வரை எட்டுப் படிகள். எண் குறையக் குறைய ஆபத்து அதிகம். 3 என்றால் பிழை, 6 சாதாரணத் தகவல், 7 பிழை தேடும்போது மட்டும் வேண்டியிருக்கும் வளவளப்பு. அவசரநிலைச் செய்தி வந்தால், சர்வரில் அப்போது உள்ளே இருக்கும் எல்லோருடைய திரையிலும் அது தெரியும்படி அமைத்திருந்தார்கள். பாதி எழுதிக்கொண்டிருந்த வேலைக்கு நடுவே 'பில்லிங் தொடங்கியது' என்ற அவசர அறிவிப்பு பாய்ந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? மேலாளர் என் மேசைக்கு வந்து, "எங்கே தீப்பிடித்தது?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

அன்று மாலைதான் அந்த ஃபங்ஷனின் கையேட்டை முழுதாகப் படித்தேன். 1980களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் தம்முடைய செண்ட்மெயில் அஞ்சல் மென்பொருளுக்காக எழுதியதுதான் சிஸ்லாக். அதனால்தானோ என்னவோ, செய்தி எங்கிருந்து வருகிறது என்று சொல்லும் வகை எண்களில் அஞ்சலுக்கு 2 என்று முன்வரிசை இடம். பிரிண்டருக்கு 6, ஒரு காலத்தில் கணினிக்குக் கணினி கோப்பு அனுப்பப் பயன்பட்ட, இன்று கிட்டத்தட்ட யாரும் தொடாத யூயூசிபிக்கு 8. பழைய வீட்டில் பெயர் அழியாமல் கிடக்கும் தபால் பெட்டிகள் போல அவை அப்படியே இருக்கின்றன. நம்மைப் போன்றவர்களின் புரோகிராம்களுக்கு 16 முதல் 23 வரை எட்டு எண்கள். வகையை எட்டால் பெருக்கித் தீவிரத்தைக் கூட்டினால் செய்தியின் முகப்பு எண் கிடைக்கும்: 16ஐ எட்டால் பெருக்கி 6ஐக் கூட்டினால் 134. நெட்வொர்க்கில் போகும் செய்தியைப் பிடித்துப் பார்த்தால் கோணக் குறிகளுக்கு நடுவே அந்த 134 உட்கார்ந்திருக்கும். பழைய வடிவத்தில் மாதம், தேதி, நேரம் உண்டு. ஆண்டு மட்டும் கிடையாது. ஜனவரி முதல் வாரத்தில் பழைய பிழையைத் தேடியவர்களுக்கு அதன் அருமை தெரியும். 2009இல் வந்த புதிய விதிமுறை ஆண்டையும் சேர்த்துக்கொண்டது.

இதெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு நான் செய்த தவறுதான் பெரியது.

மதுரையில் ஒரு ஜவுளிக்கடைக்கு அந்தப் புரோகிராமைக் கொடுத்திருந்தோம். ஒவ்வொரு பில்லுக்கும் எந்தத் தள்ளுபடித் திட்டம் என்று பதிவேட்டில் ஒரு வரி போகும். திட்டத்தின் பெயரைக் கடைக்காரர்களே ஆங்கிலத்தில் அடித்துக்கொள்வார்கள். மாதக்கணக்கில் ஒரு குறையும் இல்லை. ஆடி பிறந்ததும் பில்லிங் விழத் தொடங்கியது. ஒரு நாளைக்கு நாலு முறை, ஐந்து முறை. கவுண்டரில் கூட்டம் நெரியும் நேரமாகப் பார்த்து விழும். பதிவேட்டைப் பார்த்தால் முந்தைய பில்லின் வரி ஒழுங்காக இருக்கும். அதற்கடுத்து ஒன்றுமே இருக்காது.

நான் செய்தது எல்லோரும் செய்வதுதான்: சந்தேகப்பட்ட இடங்களிலெல்லாம் இன்னும் பத்து வரி பதிவு எழுதச் சொன்னேன். புரோகிராம் இன்னும் அதிகமாக விழுந்தது.

கடைசியில், விழும் தறுவாயில் புரோகிராமின் நினைவகத்தை அப்படியே கோப்பாக எடுத்து, பிழை தேடும் கருவியான டீபக்கரில் திறந்து பார்த்தேன். விழுந்த இடம் தள்ளுபடிக் கணக்கு இல்லை, டேட்டாபேஸ் இல்லை. சிஸ்லாக்கின் உள்ளே. செய்தியைச் சொல்லவந்த வரியே ஆளைக் கொன்றிருக்கிறது. செய்தி வெளியே போகும் முன்பே உயிர் போய்விடுவதால் பதிவேட்டில் தடயமே இல்லை.

சிஸ்லாக் தனக்கு வரும் வாசகத்தை அச்சு மாதிரியாக எடுத்துக்கொள்ளும். அதில் சதவீதக் குறி வந்தால், அடுத்து வரும் எழுத்தைப் பார்த்து 'இங்கே எண்ணை வை', 'இங்கே சொல்லை வை' என்று புரிந்துகொள்ளும். நானோ திட்டத்தின் பெயரையே மாதிரியாகக் கொடுத்திருந்தேன். முந்தைய மாதங்களில் கடைக்காரர் அடித்தது '10% டிஸ்கவுண்ட்'. சதவீதக் குறி, ஓர் இடைவெளி, பிறகு ஆங்கில 'டி' எழுத்து: அது எண்ணை வைக்கச் சொல்லும் சரியான கட்டளை. கொடுக்காத எண்ணுக்குப் பதில் கையில் அகப்பட்ட குப்பையை அச்சடித்துவிட்டுப் பிழைத்துக்கொண்டது. ஆடியில் அவர் அடித்தது '20% சேல்'. இப்போது ஆங்கில 'எஸ்'. சொல் இருக்கும் முகவரியைக் கொடு என்று பொருள். குப்பை எண்ணையே முகவரியாக நம்பிப் போய்ப் பார்த்தால், சில நேரம் தப்பிக்கும். பல நேரம் இல்லாத வீட்டுக் கதவைத் தட்டிச் செத்துப்போகும்.

திருத்தம் மிகச் சின்னது. மாதிரியில் 'இங்கே சொல்லை வை' என்பதை மட்டும் எழுதி, திட்டத்தின் பெயரைத் தனியாகக் கொடுக்க வேண்டும். இப்படி எழுதினால் எச்சரிக்கும் வசதி, நாம் எழுதுவதைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலரிலேயே இருந்தது. நான்தான் அதைப் போடாமல் விட்டிருந்தேன்.

சரிசெய்து அனுப்பிய இரவு, கடையின் கணினியைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் போனில் பதிவேட்டின் வரிகளை வாசித்துக் காட்டினார். சேல் முழுதாக வந்திருந்தது.

"தம்பி, ஒரு சந்தேகம். முன்பெல்லாம் டிஸ்கவுண்ட்டில் முதல் எழுத்து இல்லாமல் பெரிய எண் ஒன்று வரும். இப்போது அது வராதா?"

"வராது அண்ணா. அது என் தவறு. முதல் நாளே சொல்லியிருக்கலாமே?"

"அது உங்கள் கம்பெனியின் ரகசிய எண் என்று நினைத்தேன். பின்னால் கேட்டால் கொடுக்க வேண்டுமே என்று, தினமும் பில் நம்பருக்குப் பக்கத்தில் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு நோட்டு ஆகிவிட்டது."